உள்பக்கம் ஒரு நூல்

மாலை ஆறேகால் மணிக்குக் காசிநாதனின் மொபெட் பாலாற்றுப் பாலத்தை விட்டு இறங்கினால், செவிலிமேட்டில் எங்கள் தெரு நாய்கள் நான்கும் டீக்கடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடும். பட்டுக்கடைக் கட்டைப்பையிலிருந்து அவர் கைநிறைய அள்ளி வீசுவார். பிஸ்கட் அல்ல; குதிரைக் குளம்பைச் சீவிய சீவல். தேங்காய்ச் சில்லு மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். நாய்களுக்கு அதைவிட மேலான பண்டம் உலகத்தில் இல்லை. "அடிச்சிக்காதீங்கபா, எல்லாருக்கும் இருக்குது. இன்னிக்கு பெரியவங்களுது. கெட்டியா இருக்கும், மெதுவா மெல்லுங்க" என்று அவற்றிடம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் மனிதர்கள் பக்கம் திரும்புவார். திரும்பினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார்.

என்னை முதன்முதலாகப் பார்த்த அன்று அவர் சொன்னது: "சார், வலது செருப்பு வெளிப்பக்கமா தேஞ்சிருக்குது. இடுப்பு வலிக்குமே?" வலித்தது. தினமும் சென்னைக்கு பஸ்ஸில் போய்வருகிறவன் நான். பஸ் சீட்டுதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஆள் நம் செருப்பை ஆராய்ச்சி செய்தால் யாருக்குத்தான் வராது? ஆனாலும் மறுவாரம் செருப்பை மாற்றினேன். வலி போய்விட்டது. கோபம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

காசிநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குதிரைக்குக் குளம்பு சீவி லாடம் அடிப்பது தொழில். இளவயதில் கிண்டிப் பந்தய மைதானத்தில் உருது பேசும் ஓர் உஸ்தாதிடம் கற்றுக்கொண்டது. அங்கே இந்த வேலைக்காரரை 'நால்பந்த்' என்பார்கள். எங்கள் தெருவில் அவ்வளவு மரியாதை கிடையாது, 'குதிரைக்கால்' என்றால் போதும், வீட்டைக் காட்டுவார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக, பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்தவாசி சாலையில், பட்டுக்கடை ராஜகோபால் நடத்தும் குதிரைப் பண்ணையில் வேலை. ஆயுள் முழுக்கக் குனிந்தே வேலை செய்ததில், நேராக நின்றாலும் எதையோ கீழே தேடுகிறவர் மாதிரியே இருப்பார்.

அவர் மனைவி மணியம்மாளுக்கு இதிலே தீராத குறை. "எனக்குக் கால்ல ஆணி வந்து ரெண்டு வருசம் ஆவுது தம்பி. கொஞ்சம் இன்னான்னு பாருன்னா, ஆஸ்பத்திரிக்குப் போன்றாரு. நாலு காலு இருந்தாதான் இவரு பாப்பாரு" என்பார். இதற்கு முதல் ஆளாகச் சிரிப்பதும் காசிநாதன்தான்.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடன் மேல் வரும்போது நானும் ஒருமுறை அவரோடு போய் நின்றேன். கூட்டமே தலைக்கு மேல் கைகூப்பிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறது. இவர் மட்டும் குந்தி உட்கார்ந்து, சுமக்கிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மூணாவது ஆளுக்கு இடது குதிகால்ல கொப்புளம். ஆனாலும் அடி தவறல பாருங்க சார்." பெருமாளைச் சேவிக்கவில்லையா என்று கேட்டேன். "அவர அத்தினி பேரும் பாத்துக்குவாங்க. தூக்கினு வர்ற கால யாரு பாக்கறது?" என்றார்.

பெரியவங்க என்று அவர் சொல்வது ஒரு பெண் குதிரையை. பெயர் கோர்வை. பட்டுப்புடவையில் உடலையும் கரையையும் பிரிக்க முடியாதபடி பிணைக்கிற வேலைக்கு எங்கள் ஊரில் கோர்வை என்று பெயர். ராஜகோபால் அதையே தன் குதிரைக்கு வைத்துவிட்டார். பதினேழு ஓட்டம் ஓடிப் பதினொன்றில் முதலாவதாக வந்தவள். கிண்டியில் ஆறு, பெங்களூரில் ஐந்து. ராஜகோபாலின் கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்துக்கும் தினமும் பூ வைக்கிறார்கள். அவள் ஓடிய காலத்தில் அவளுக்கு லாடம் அடித்தவர் காசிநாதன். "பெரியவங்க முன்கால் வெக்கறதே தெரியாது சார். தறியில நாடா ஓடுதே, அப்பிடி. தரைக்கே சேதி தெரியாது."

அந்த ஐந்து பெங்களூர் வெற்றிகளில் ஒன்று பெரும் மழையில் வந்தது. கடைசி நானூறு மீட்டர் இருக்கும்போது சேற்றில் அவளுடைய ஒரு லாடம் கழன்று தெறித்துவிட்டது. அவள் மீதி மூன்று லாடத்தோடு ஓடி, அரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தாள். ராஜகோபால் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தாராம். "ஊரே கைதட்டுது, நான் மட்டும் தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்கறேன். ஜெயிச்சது அவங்க. கழண்டு வுழுந்தது என்னுது இல்ல?" மறுநாள் காலையில் மைதானம் முழுக்கத் தேடி அந்த லாடத்தை எடுத்துவந்தார். ராசியான லாடம், கடையில் மாட்டலாம் என்று ராஜகோபால் கேட்டதற்கு முடியவே முடியாது என்றுவிட்டார். அவமானத்தைக் கொண்டுபோய் யாராவது சுவரில் மாட்டுவார்களா என்பது அவர் கட்சி.

ஓட்டத்தில் பேர் வாங்கிய கோர்வைக்குப் பிள்ளைப்பேறு அவ்வளவு சுலபமாக அமையவில்லை. மூத்த மகன் படு சோம்பேறி. பந்தயக் கதவு திறந்து மற்ற குதிரைகள் எல்லாம் போனபிறகு, என்ன விஷயம் என்று விசாரிக்கிற மாதிரி வெளியே வருவானாம். அடுத்தவள் ஹைதராபாத்துக்குப் போய் மூன்று பந்தயம் ஜெயித்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சினை நிற்கவில்லை. நின்றபோது குட்டி இறந்து பிறந்தது. அன்றைக்குக் காசிநாதன் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததாக மணியம்மாள் சொன்னார். கடைசியில், கோர்வைக்குப் பதினாறு வயதானபோது, ஒரு பெண் குட்டி பிறந்தது. இனிமேல் குட்டி போட்டால் தாய் தாங்காது, இதோடு போதும் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பண்ணையில் எல்லோருக்கும் அவள் பாப்பா. ஒரே ஒரு குறை. முன் வலது கால் உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. உடனே குளம்பைச் சீவித் திருத்த ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டர். காசிநாதன் கேட்கவில்லை. "பெரியவங்க பொண்ணு, தானா நேராயிடும், கை வெக்காதீங்க" என்று அடம்பிடித்தார். இரண்டு மாதம் போயிற்று. கால் நேராகவில்லை, இன்னும் கொஞ்சம் திரும்பியது.

தப்பை ஒளித்துவைக்கிற வழக்கம் இவரிடம் இல்லை. டீக்கடையில் நின்றுகொண்டு, கேட்காதவர்களிடம்கூட, "டாக்டர் சொன்னது ரைட்டு. நான் சொன்னது ராங்கு. ரெண்டு மாசம் என்னால போச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குள் ராஜகோபாலுக்குப் பொறுமை போய்விட்டது. கால் கோணல் குதிரையை எந்தப் பயிற்சியாளரும் எடுக்கமாட்டார். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுகிற இளவரசனிடம் கொடுத்துவிடலாம் என்றார். கோர்வையின் கடைசி மகள் பேண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவில் மாப்பிள்ளைச் சாரட்டு இழுப்பதா? காசிநாதன் முதலாளி எதிரில் போய் நின்றார். "ரெண்டு வயசு ஆவட்டும். பெங்களூர் டிரெய்னர் வந்து பாத்து வேணாம்ன்னா குடுத்துடுங்க. அதோட நானும் அரத்தக் கீழ வெச்சிடறேன்" என்றார். அரம் இல்லாத காசிநாதனை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. மணியம்மாள் கற்பனை செய்து பார்த்துவிட்டுப் பயந்துபோனார்.

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே வேலை. மணியம்மாளின் கோலமாவைத் தூக்கிக்கொண்டு போய் லாயத்தின் சிமெண்டுத் தரையில் தூவி, பாப்பாவை அதன்மேல் நடக்கவிடுவார். பிறகு குந்தி உட்கார்ந்து குளம்புத் தடங்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். எந்தப் பக்கம் அழுத்தம், எந்தப் பக்கம் லேசு என்று மாவு சொல்லிவிடும். பார்த்து முடித்ததும் காலைத் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு, அரத்தால் உள்பக்கம் ஒரு நூல் தேய்ப்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தச்சர்களைக் கேட்டால் தெரியும். அதற்கு மேல் ஒரு இழுப்புகூட இழுக்கமாட்டார். "அவசரப்பட்டா முட்டி பூடும் சார். எலும்புக்குத் தெரியாம திருத்தணும்." அவருடைய சொந்த மகளின் நிச்சயதார்த்தம் அந்தப் பதினைந்தாம் நாளில் வந்து விழுந்தது. காலையில் போய்ச் சீவிவிட்டு, பட்டு வேட்டியும் குளம்பு வாசனையுமாக வந்து சபையில் உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டார் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள். மணியம்மாள் இவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ப் பயிற்சியாளர் உமாபதி, குதிரை ஏற்றும் வண்டியோடு வந்தார். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து நானும் போயிருந்தேன். இளவரசன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கையில் சிவப்பு வெல்வெட்டுத் துணி. பாப்பாவின் முதுகில் போட்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "துணிய மடிப்பா மொதல்ல" என்றார் காசிநாதன். அவர் யாரிடமும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

பாப்பாவை நடத்திக் காட்டச் சொன்னார் உமாபதி. காசிநாதனால் பார்க்க முடியவில்லை. கோர்வையின் கொட்டடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நடக்கறாளா?" என்று என்னைக் கேட்டார்.

"நடக்கறா."

"எப்படி நடக்கறா?"

"குதிரை மாதிரிதான் நடக்கறா" என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்?

தலையில் அடித்துக்கொண்டு கண்ணை மூடினார். சிமெண்டுத் தரையில் நாலு குளம்பின் சத்தம் போய்த் திரும்பி வந்தது. அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. கோர்வையும் காதை முன்னால் விறைத்துக்கொண்டு கேட்டாள்.

உமாபதி அதிகம் பேசாத மனிதர். உட்கார்ந்து அந்த முன் வலது காலைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், மறுபடி தூக்கினார். பிறகு, "இந்தக் கால யார் பாத்தது?" என்றார். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று குரலில் தெரியவில்லை. காசிநாதன் வெளியே வந்தார். வந்தவர் சும்மா நிற்கவேண்டியதுதானே? "நான்தான் சார். மொத ரெண்டு மாசம் கை வெக்காம வுட்டுட்டேன், அது என் தப்பு. நேரா தெரியும், ஆனா இன்னும் ஒரு நூல் உள்ள இருக்குது" என்று உடைத்துவிட்டார்.

"யோவ் காசி, உன்ன யாருய்யா கேட்டா?" என்று ராஜகோபால் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அவரை அறையலாம் போல இருந்தது. இரண்டு வருஷ உழைப்பை ஒரு வாக்கியத்தில் இப்படியா கொட்டுவது!

உமாபதி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "ஒரு நூல்தான். நானும் பாத்துட்டேன். மறைச்சிருந்தா வேணாம்னு போயிருப்பேன்" என்றார். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "ஏத்துங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ராஜகோபால் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் இளவரசனைக் கட்டிப்பிடித்தார். அவரிடமிருந்து விடுபட்டு, துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்ட இளவரசன், காசிநாதனின் பக்கத்தில் வந்து, "அண்ணா, நம்ம சாரட்டுக் குதிர முன்கால் லேசா நொண்டுது. சாயங்காலம் வந்து பாக்கறியா?" என்றார். "வர்றேன்பா, வர்றேன்" என்றார் காசிநாதன்.

ஆனால் பாப்பா வண்டியில் ஏறமாட்டேன் என்றாள். சாய்வுப் பலகையின் அடியில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். முன்னாலிருந்து இழுத்தார்கள், பின்னாலிருந்து கைகோத்துத் தள்ளினார்கள். ஒருவர் கொள்ளு காட்டினார். கொள்ளைத் தின்றுவிட்டு மறுபடி அங்கேயே நின்றாள். உள்ளே கொட்டடியிலிருந்து கோர்வை கனைத்தாள். பாப்பா திரும்பிப் பார்த்துவிட்டு நடுங்கினாள்.

"தள்ளிக்கங்கபா" என்று காசிநாதன் போனார். வழக்கம்போல அவள் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து, முன் வலது காலில் முட்டிக்குப் பின்னால் விரலால் தட்டினார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுத்துப் பழகிய கால், உடனே கொடுத்துவிட்டாள். அவர் அதைத் திருப்பி அடியைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்ப் பலகையின் மேல் வைத்து, "இங்கதான் கண்ணு, பயப்படாத" என்று சொல்லி அழுத்தினார். அடுத்து இடது கால். பிறகு மறுபடி வலது, இன்னும் ஒரு முழம் மேலே. பாப்பா அதன்மேல் எடை போட்டாள். போட்டவள் தானாகவே அடுத்த அடி வைத்தாள், அப்படியே மேலே ஏறிப் போய்விட்டாள்.

பலகையைத் தூக்கிக் கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பி வந்தவாசி சாலையில் திரும்பும்வரை காசிநாதன் நிமிரவே இல்லை. இரண்டு கையும் குளம்பை ஏந்துகிற வாக்கில், அந்த உயரத்திலேயே நின்றன.