அசையாதவளின் நித்திரை

டொரொன்ரோவில் இருக்கும் மகன் போன வருடம் தாய்க்கு ஒரு கைமணிக்கூடு அனுப்பினான். நேரம் பார்ப்பதற்கல்ல. அதைக் கட்டிக்கொண்டு படுத்தால், எவ்வளவு நேரம் நித்திரை கொண்டார் என்று விடிய என் தொலைபேசியில் காட்டும். அவனுடைய தொலைபேசிக்கும் அது போகும். தனக்கு நித்திரையே இல்லை என்று என் மனைவி பல வருடங்களாகச் சொல்லி வந்தார். மகன் அதை அளந்து பார்க்க விரும்பினான்.

முதல் நாள் ஏழு மணித்தியாலம் நாற்பது நிமிடம். மறுநாள் ஏழரை. திரையில் நீலப் பட்டை எங்கும் அறாமல் ஓடியது.

காலையில் மகன் வீடியோவில் வந்தான்.

"நல்லாப் படுத்திருக்கிறியள் அம்மா."

"நான் எங்கை படுத்தனான்? நித்திரை கொள்ளேல்லை. சும்மா கிடந்தனான்."

அவன் சிரித்தான். நித்திரை கொள்பவருக்கு அது தெரியாது என்று விளக்கினான். எங்கள் பக்கம் "படுத்தியளோ" என்று கேட்டால் நித்திரை கொண்டீர்களா என்றுதான் பொருள். மனைவியின் முறைப்பாடு முழுவதும் படுப்பதற்கும் கிடப்பதற்கும் இடையில் இருந்தது. மகனுக்கு அது பிடிபடவில்லை. பத்திரிகையில் முப்பது வருடம் மற்றவர்களின் சொற்களைத் திருத்திய எனக்கும் பிடிபடவில்லை.

இரண்டு மாதம் காத்திருந்து நித்திரைக் குறைபாட்டுக்கென்று ஒரு கிளினிக்கில் திகதி கிடைத்தது. வைத்தியர் என்ன பிரச்சினை என்று கேட்டார். மனைவி வாய் திறக்க முன் நான் தொலைபேசியை எடுத்து நீட்டினேன். வைத்தியர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தன்னைவிட அம்மா நன்றாக நித்திரை கொள்வதாகச் சொன்னார். துண்டில் ஏதோ எழுதினார். அடுத்த திகதி போடவில்லை.

எங்கள் ஊரான நெல்லியடிக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவி யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன்.

"உங்கடை பேப்பரிலை ஒருத்தன் செத்திட்டான் எண்டு போட்டால்," என்றார், "அவன் கந்தோர் வாசல்லை வந்து நிண்டாலும் போட்டதுதான் சரி எண்டுவியள்."

அந்தக் கிழமை ஒரு மத்தியானம் அவர் பாயில் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. தேங்காய் திருவலை எங்கே என்று கேட்டேன். குசினி மூலையில் என்றார். கேஸ் சிலிண்டர்காரன் வந்தானா என்று அவர் என்னைக் கேட்டார். அவருடைய கையோ காலோ அசையவில்லை. பின்னேரம் தொலைபேசியைப் பார்த்தேன். மத்தியான நித்திரை நாற்பத்தைந்து நிமிடம் என்று இருந்தது.

அப்போதுதான் கேட்டேன், இப்படி அசையாமல் கிடக்க எங்கே பழகினீர் என்று. உங்களுக்குத் தெரியாததா என்றார். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சண்டைக் காலம், மகனுக்கு எட்டு மாதம். ஒழுங்கையில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் விளக்கை நூர்த்துவிட்டு நிலத்தில் படுப்போம். பிள்ளை அவருடைய நெஞ்சில் கிடக்கும். அவர் அசைந்தால் பிள்ளை முழிக்கும், முழித்தால் அழும். மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தார். சத்தம் நின்று வருடங்கள் போன பின்னரும் உடம்பு அதை விடவில்லை.

"இதை அவனுக்குச் சொல்லாதேங்கோ," என்றார். "பிறகு அதுக்கு அவன் அழுவான்."

சொல்லவில்லை. மத்தியானக் கதையை மட்டும் சொன்னேன். கணக்கு ஒரு நாள் பிழைக்கலாம் அப்பா, சராசரியைப் பாருங்கோ என்றான்.

அன்றிரவு மனைவி கையை அடிக்கடி தூக்கித் தூக்கிப் போட்டார். விடிய அவர் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். நான் நல்ல நித்திரை. திரையில் நீலம் துண்டு துண்டாகக் கிடந்தது. மொத்தம் இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். மனைவி தொலைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, நெடுநேரம் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது.

தேத்தண்ணி ஆற முன்னர் மகன் அழைத்துவிட்டான். குரலில் பதற்றம் இருந்தது. மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பா, மணிக்கூடு வடிவா இறுகேல்லைப் போல கிடக்கு. கணக்கு எல்லாம் பிழைச்சுப் போச்சு. ஒரு ஓட்டை தள்ளிக் கட்டிவிடுங்கோ."

மனைவி கையை நீட்டினார். நான் ஒரு ஓட்டை தள்ளிக் கட்டினேன்.