வீரபாண்டியில் கடைசிப் பந்து

பழுதான பல்லடம் பேருந்து வீரபாண்டியில் நிற்கிறது. எதிர்த் திடலில் கிரிக்கெட்; இறங்கிப் போய் வேடிக்கை பார்க்கிறேன். தோற்றே பேர்வாங்கிய பனியன் கம்பெனி அணியில் இன்று முழுக்கப் புதுப் பையன்கள். ஏற்றுமதியில் கழித்துப்போட்ட பேஸ்பால் சட்டை ஒவ்வொருவருக்கும் முழங்காலைத் தொடுகிறது.

“பழைய ஆளுக எல்லாத்தையும் நிறுத்திப்போட்டனுங்க,” என்கிறார் பக்கத்தில் நிற்கும் கேப்டன்.

“நீங்க ஆடலையா?”

“மொதல்ல நிறுத்துனதே என்னையத்தானுங்க!”

கடைசிப் பந்து, நாலு ரன் வேண்டும். அடித்த பந்து, திடலுக்குள்ளேயே குவிந்து கிடக்கும் வேஸ்ட் துணிக்குள் புகுந்துகொள்கிறது. எதிரணி துணியை வாரி வாரி இறைக்கிறது. பையன்கள் ஓடுகிறார்கள்.

“ஓடு கண்ணு, ஓடு!” கேப்டனோடு நானும் கத்துகிறேன்.

நாலு!

யாரோ என்னையும் தோளில் தூக்கிச் சுற்றுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால், என் பேருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. உற்சாகமாகக் கையசைக்கிறேன்.