பேசிக்கொண்டே ஓடியவர்கள்

போன வாரம் கோயிலில் கோமதியைப் பார்த்தேன். அம்மனை அல்ல... பதின்மூன்று வயதுக் கோமதியை.

ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன் – ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால், எங்கள் சங்கரன்கோவிலில் நேர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று கணக்கு உண்டு. கால்வலியை அம்மனே வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. பெரியவர்கள் நடப்பார்கள், பிள்ளைகள் ஓடும்.

கோமதி நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கையைக் கோத்தபடி அவள் தோழி இசக்கி. ஒரே பேச்சு!

“என்ன மக்கா, ஓடலியா?” என்றேன்.

“ஓடும்போது பேசப்பிடாதுன்னு நீங்கதான சார் சொன்னிய? எங்களுக்குப் பேசணும்லா...”

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குத்திக்காட்டவெல்லாம் இல்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

சொன்னேன்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால்.

இதே ஆடிச்சுற்றில்தான் இரண்டு பேரையும் முதலில் பார்த்தேன். ஒன்பது வயசு. ஓடிக்கொண்டே கோமதி கதை விடுவாள். சுற்றை எண்ணுவது இசக்கி பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு சுற்று முடிந்திருக்கும். இசக்கி சட்டென்று நின்றாள். “ஏட்டி, எண்ணிக்கை விட்டுப்போச்சு!”

“அதுக்கென்ன, மொதல்லேர்ந்து ஓடுவோம்” என்றாள் கோமதி. ஓடினார்கள்!

காலையில் கிரவுண்டில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆசாமி நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் வீடுகளில் பேசி, மறுநாளே இருவரையும் கிரவுண்டுக்கு இழுத்து வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஜோராகப் போனது. அப்புறம் நம்ம கிரவுண்டிலேயே பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. அங்கேதான் எனக்குப் புத்தி பேதலித்தது. ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். இந்தப் பேச்சை நிறுத்தினால் கோமதி இன்னும் எவ்வளவு வேகமாக ஓடுவாள்!

“வாயை மூடிக்கிட்டு ஓடுங்கட்டி!” என்று கத்தினேன். மூடினால்தானே? இருவரையும் பிரித்தேன். ஆளுக்கொரு மூலையிலிருந்து புறப்பட வேண்டும். அந்த மூலையிலிருந்து இசக்கி கையாட்டுவாள், இந்த மூலையிலிருந்து இவள். அதற்கும் திட்டினேன். போட்டி முடிகிற வரைக்கும் சாயங்கால விளையாட்டும் கூடாது என்றேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி... வேறென்ன சொல்ல?

பத்தே நாளில் இசக்கி நின்றுவிட்டாள். “அவளுக்கு வயித்த வலிக்காம் சார்” என்றாள் கோமதி, தரையைப் பார்த்தபடி. எனக்குப் புரியாமலா இருக்கும்? ‘நல்லதாப் போச்சு, இனி இவள் ஒழுங்காக ஓடுவாள்’ என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளால் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் அவர்களுக்குச் சரியான வேகம். இது தெரியாதவனா நான்? பிள்ளையைச் சேர்க்க வருகிற அப்பா அம்மாவிடம் நானே சொல்கிற பாடம்தான். ஊருக்குத்தான் உபதேசம்!

போட்டியில் கோமதி முதலாவதாக வந்தாள். நான் போட்ட சத்தத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோட்டைத் தாண்டிய பிள்ளை சிரிக்கவில்லை, நேராக என்னிடம் வந்தாள்.

“முடிஞ்சிட்டா சார்? இனி நான் இசக்கிகூட விளையாடப் போலாமா?”

“போ மக்கா” என்றேன். அவ்வளவுதான்... பரிசு கொடுக்கும்வரைகூட நிற்கவில்லை, ஒரே ஓட்டம். நான் பார்த்து அவள் ஓடியது அதுதான் கடைசி. மறுநாள் கிரவுண்டுக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட எனக்கும் முகமில்லை.

இப்போது என்னிடம் ஓட வருகிற பிள்ளைகள் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், வழியில் நாயைக் கண்டால் நின்று கொஞ்சுகிறார்கள். நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எல்லாம் சரிதான், கோமதிக்கு யார் பதில் சொல்வது?

அன்றைக்கு அவளுக்குப் பதிலாக நான் வாங்கிக்கொண்ட பரிசுக் கோப்பை என் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்கிறார்கள், “அண்ணாச்சி, இது நீங்க ஜெயிச்சதா?”

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.