இல்லை என்பவரும் ஒன்றுமில்லை என்பவனும்

என் வீட்டுக்காரருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. உடனே மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரைத் திருத்தக் கிளம்பியவர் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்குக் கத்தரிக்காய் பிடிக்காதில்லையா, அந்த மாதிரிதான். "இல்லைன்னு தோணுது, அவ்வளவுதான்" என்பார். நான் சாமி கும்பிடப் போனால் கூடவே வருவார், உள்ளே மட்டும் வர மாட்டார். என் கைப்பையையும் குடையையும் வாங்கிக்கொண்டு வெளியே மழையில் நிற்பார். கையில்தான் குடை இருக்கிறதே, விரித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், "உன் குடை நனைஞ்சுடும்ல" என்பார். இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? போட்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாய் அளவை அச்செடுத்து அனுப்புவார்கள். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இவர் பிளாஸ்டரில் தாடை வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ரோஸ் கலர் ஈறு செய்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். மாலையில் பார்த்தால் புருவமெல்லாம் ரோஸ் தூள். இத்தனை வருஷத்தில் ஒரு வாய்க்குள்ளும் அவர் கை விட்டதில்லை, அது டாக்டர் வேலை. சுவர் நெடுக அலமாரி, அலமாரி நிறைய பழைய பிளாஸ்டர் தாடைகள். முதல்முறை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போடும். "தூக்கிப் போட்டுத் தொலைங்களேன், வீடா மியூசியமா இது" என்று நான் கத்தாத நாள் இல்லை. ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தம்பிதான் அவருக்குப் பிள்ளை மாதிரி. கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன், மாமா மாமா என்று இவர் பின்னாலேயே சுற்றுவான். இவர் சாமி கும்பிட மாட்டார் என்று தெரிந்ததும் அவனும் நிறுத்திவிட்டான். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை.

பயம் வந்தது போன வருஷம். தம்பியின் கல்யாணம் முறிந்தது. பொண்டாட்டி போனதும் கப்பல் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. குளிடா என்றால் "எதுக்கு?" சாப்பிடுடா என்றால் "எதுக்கு?" நாலு இடம் போய் வாயேன்டா என்றாலும் அதே எதுக்கு. கோபத்தில் அவனுக்கு எதுக்கு என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டேன். "எதுக்கு எழுந்தாச்சா?" என்று நான் மருந்துக்கடை வேலையிலிருந்து வந்ததும் கேட்பேன், வீட்டுக்காரர் முறைப்பார்.

அதுவரை கேலிதான். பிறகு அவன் சாமான்களைக் கொடுக்க ஆரம்பித்தான். கைக்கடிகாரம் தபால்காரருக்குப் போனது. நல்ல ஷூ எதிர்வீட்டுக்காரருக்குப் போனது. அவன் உயிராக வைத்திருந்த கேமராவை என் கையில் திணித்து, "நீ வெச்சுக்கக்கா, எனக்கு வேணாம்" என்றான், சிரித்த முகமாக. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் இருந்த மாத்திரைகளையெல்லாம் என் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். டாக்டரிடம் கூப்பிட்டேன், வர மறுத்தான். என் தம்பி போய்விடுவானோ என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒருநாள் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"எல்லாம் உங்களாலதான்" என்றேன். "மேல ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொன்னீங்க. கீழயும் ஒண்ணும் இல்லைன்னு அவன் முடிவு பண்ணிட்டான்."

அவர் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். 

"எனக்காக ஒரு பொய் சொல்லுங்க. சாமி இருக்குன்னு அவன்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டான். நீங்க சொன்னா நம்புவான்."

"என்னால முடியுமான்னு தெரியலையே."

"முடியணும். என் தம்பிங்க அவன்."

"எனக்கு மட்டும் யாராம்?" என்றார். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவர் தண்ணீர் குடித்தார். தொண்டையைக் கனைத்தார். திரும்பவும் தண்ணீர் குடித்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு வேர்த்ததில்லை அந்த மனுஷனுக்கு.

"மச்சான், கொஞ்ச நாளா யோசிச்சுப் பாக்கறேன். மேல... யாரோ ஒருத்தர் இருக்கலாம்னு தோணுது."

தம்பி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்த முதல் நிஜச் சிரிப்பு அதுதான். "அக்கா சொல்லச் சொன்னாளா மாமா?"

"ஆமா" என்றார் உடனே. கொஞ்சம் தாக்குப்பிடிக்கக் கூடாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை நங்கென்று வைத்தேன்.

"விடுக்கா" என்றான் தம்பி. "மாமாவும் நானும் ஒரே கட்சி. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச கட்சி."

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றுதான் கேட்டேன். "நான் எப்பய்யா ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்? கடவுள் இல்லைன்னு சொன்னேன். அது ஒண்ணே ஒண்ணுதான் இல்லை. நீ இருக்க, உங்க அக்கா இருக்கா, இந்தச் சாப்பாடு இருக்கு. மேனேஜர் இல்லாத ஆபீஸ்ல எல்லாரும் செத்தா போயிடறாங்க?"

"மேனேஜர் இல்லைன்னா எதுக்கு மாமா வேலை பாக்கணும்?" என்றான் தம்பி அமைதியாக.

 அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். சாமியும் கைவிட்டது, சாமி இல்லை என்கிறவரும் கைவிட்டார் என்று அன்றைக்குப் படுத்துக் கிடந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருப்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருடைய புருஷன் முந்தின நாள் இறந்துபோயிருந்தார். கடைசி நாட்களில் யாரோ அவருடைய பல்செட்டைப் பேப்பரில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைக்க, அது குப்பையோடு போய்விட்டது.

"வாய் உள்ள போய், யாரோ மாதிரி இருக்காருங்க" என்றார் அந்த அம்மா. "பையன் நாளைக்கு வெளிநாட்டுலேருந்து வரான். அப்பாவை இப்படிப் பாக்கக் கூடாது. உங்ககிட்டதான் முன்னாடி செஞ்சது. டாக்டர்கிட்ட கேட்டேன், இனிமே எதுக்கும்மா அதுன்னுட்டார்."

வீட்டுக்காரர் எழுந்து அலமாரியில் தேடினார். ஒரு தாடையை எடுத்து ஊதித் தூசி தட்டினார். இத்தனை வருஷமாக நான் தூக்கிப் போடச் சொன்னதில் ஒன்று. "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரேன்மா. நீங்க போய்க் கொஞ்சம் படுங்க" என்றார்.

அன்றைக்கு வேறு வேலை எதையும் அவர் தொடவில்லை. அந்த அம்மா கொடுத்துவிட்டுப் போன போட்டோவை விளக்கடியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டார். தம்பி சோபாவிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றான். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

"அவருக்குத் தெரியப் போறதில்லையே மாமா."

"தெரியாது. அவர் இப்ப இல்லவே இல்ல."

"சொர்க்கத்துல பல் இல்லாம கஷ்டப்படுவார்னு உங்களுக்கு நம்பிக்கையும் கிடையாது."

"கிடையாது."

"அப்புறம் கடைவாய்ப் பல் எதுக்கு? யாரு பாக்கப் போறா?"

"கன்னம் ஒட்டிக்கிடக்கும். முன்பல்லு மட்டும் வெச்சா முகம் வராது."

மத்தியானம் ரோஸ் ஈறு செய்து, வெந்நீரில் வேகவைத்து எடுத்து, மெஷினில் தேய்த்தார். நாக்குப் படுகிற பக்கத்தையும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, அது நாக்குப் பக்கம். அவருக்கு நாக்கே இனிமே..."

"பழக்கமாயிடுச்சுப்பா, விடேன்" என்று சிடுசிடுத்தார் இவர். கொஞ்ச நேரம் கழித்து மெஷினை நிறுத்தினார். "கடவுள்னு ஒருத்தர் இருந்தா அவர் பாத்துக்குவார்னு நான் போய்த் தூங்கியிருப்பேன் மச்சான். யாரும் இல்லை. அந்தம்மா நாளைக்குப் போய் அந்த முகத்தைப் பாத்து நிக்கணும். அதனாலதான் நான் உக்காந்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. சாமி கும்பிடுகிறவள் நான் தூங்கப் போவேன் என்கிறாரா? அதைப் பற்றி அவரோடு இன்னும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாசலிலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான், எதுக்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை மூன்று பேருமாகக் கிளம்பினோம். தம்பியைத் தனியாக வீட்டில் விட எனக்குத் துணிச்சல் இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை, துணைக்கு வாடா என்று இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணங்களை வைத்திருக்கும் அறைக்கு வெளியே அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வேலை பார்க்கிறவர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"வாயை நான் திறந்து பிடிக்கறேன் சார். பல்லை நீங்கதான் வைக்கணும். நான் தப்பா வெச்சா வம்பாயிடும்" என்று கையுறையை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி ஒரு கால் உள்ளே வைத்தார். வைத்த கால் அப்படியே நின்றது. முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். பேய் பிசாசு எதையும் நம்பாத மனுஷன். "என்னங்க?" என்றேன். "என்னால முடியல" என்றார்.  "நேத்தெல்லாம் அவர் போட்டோவைப் பாத்துட்டே இருந்தேன். இப்ப... முடியலம்மா."

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"குடுங்க மாமா" என்றான் தம்பி. "எனக்கென்ன. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

கையுறையைக் கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனான். கதவு பாதி திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் வெளியே சுவரைப் பார்த்து நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். "மேல்செட்டு முதல்ல. தண்ணில நனைச்சுக்கோ. ஒரு பக்கமா உள்ள விட்டுத் திருப்பு. அழுத்தாதே." உள்ளேயிருந்து, "சரி மாமா", "உக்காந்துடுச்சு மாமா" என்று பதில் வந்தது. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தம்பி கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த மனிதரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அதை யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை.

அந்த அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் போய் நின்றார், குனிந்தார், புருஷன் கன்னத்தில் கை வைத்தார்.  பிறகு தம்பியிடம் திரும்பி, "இவரைப் பாத்து ரொம்ப நாளாச்சுப்பா" என்றார்.

தம்பி வெளியே வந்துவிட்டான். வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.  அவனுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்தோம். யாரோ ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மாமா" என்றான். "நான் இந்த வாரம் போயிடலாம்னு இருந்தேன்."

எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.  என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்தார். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லுங்களேன், பொய்யாவது சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கதறினேன்.

"எதுக்கு இருக்கணும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல மச்சான்" என்றார். "ராத்திரியெல்லாம் யோசிச்சும் வரல. ஆனா நீ அவரை மாதிரி அங்க படுத்திருந்தா என்னால உள்ள வர முடியாது. முன்னப் பின்ன தெரியாதவருக்கே வாசல்ல நின்னுட்டேன், பாத்தல்ல. உன்னை எப்படிடா பாப்பேன்? உங்க அக்கா தனியாத்தான் உள்ள வரணும்."

தம்பி என் பக்கம் திரும்பினான். அந்த அறையில் நான் தனியாக நிற்பதை அவன் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். முகம் கோணியது. சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால் அழுவானே, அப்படி என் தோளில் விழுந்து அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும், ஆஸ்பத்திரியில் அழுகிற இன்னொரு குடும்பம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அழுது ஓய்ந்து, மூக்கை என் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட வரேன்க்கா" என்றான். பிறகு இரண்டு பேருக்கும் பொதுவாகத் தரையைப் பார்த்துச் சொன்னான்: "கொஞ்ச நாளைக்கு என்னைத் தனியா விடாதீங்க."