மூன்றாவது லைனின் காலர்

ரஞ்சிதத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. பாவம் என்று தோன்றுவது அதற்குப் பிறகுதான்.

செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் இருக்கிற சட்டைக் கம்பெனியில் அவள் மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர். நான் அதே கூடத்தில் பேக்கிங். மற்ற லைன்களில் சட்டையின் உடம்பையும் கையையும் தைப்பார்கள். மூன்றாவது லைனில் காலர். அங்கிருந்து காலர் வராவிட்டால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ரஞ்சிதம் பக்கத்து ஊர் வல்லத்துக்காரி. புருஷன் பேர் பாவாடை. அவனுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை நிலம், உண்டு. டெய்லராகச் சேர்ந்து, கைவேகத்தால் மேலே வந்தவள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லைனுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பை மேனேஜர் ஜெயராமன் அவளிடம் விட்டபோது அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஓரகத்தி வசந்தா, வசந்தாவின் மருமகள், சின்ன மாமனார் வீட்டு மருமகள்கள் என்று பாவாடையின் பங்காளி வீட்டுப் பெண்களையே மெஷினுக்கு ஒருத்தியாக உட்கார வைத்துவிட்டாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“நம்ம ஆளுங்கன்னா சொன்ன பேச்சு கேப்பாங்க. வெளியாளுங்கள வச்சிக்கினா டென்ஷன்” என்றாள்.

வெளியாட்கள் என்று அவள் சொன்னது காலனியிலிருந்து வந்த அமலாவையும், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒடிசாப் பெண்களையும். அவர்களுக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை மட்டும்தான். அமலா மூன்று வருஷமாக மெஷின் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் காலி மெஷினில் உட்கார்ந்து துணித்துண்டு ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். ரஞ்சிதம் வந்து சுவிட்சை அணைத்தாள். திட்டக்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. தலைமைப் பண்பு, குழு வேலை என்று வகுப்பெடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். லைனுக்கு ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்து எல்லோரையும் அதன்மேல் நிற்கச் சொன்னார். பிறகு தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். மற்ற லைன்களில் ஒருத்தியை ஒருத்தி தொடவே கூச்சப்பட்டு வெளியே விழுந்தார்கள். மூன்றாவது லைன்காரிகள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தோளில் தொங்கிக்கொண்டு, சிரித்தபடி நின்றார்கள்.

“பாருங்க, ஒரே குடும்பம் மாதிரி!” என்று அவர் கைதட்டிக் கோப்பை கொடுத்தார். மாதிரி என்ன, குடும்பமேதான். அமலாவும் ஒடிசாப் பெண்களும் செருப்புகள் கிடந்த ஓரத்தில் நின்றிருந்தார்கள். தாளில் இடமில்லையாம்.

இந்த வருஷம் லோடுகள் தொடர்ந்து தாமதமாயின. ஜெயராமன் ரஞ்சிதத்தைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்.

“சனிக்கெழம சாயந்தரம் இந்த லோடு ஏறலன்னா உன் லைனே இருக்காதும்மா. மெஷின வேற ஊருக்கு ஏத்திட்டு, காலர அங்கருந்தே வாங்கிக்கச் சொல்லிட்டாரு மொதலாளி.”

“ஏறிடும் சார். எங்காளுங்க இருக்கறாங்க” என்றாள் ரஞ்சிதம்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் பாவாடையின் பெரியப்பா செத்துப்போனார்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், மறுநாள் பால் தெளித்து முடிகிறவரை அந்த வகையறாவில் யாரும் வேலைக்குப் போவதில்லை. இது ரஞ்சிதத்துக்குத் தெரியாததா? ஆள் எடுக்கும்போது மட்டும் தோன்றவில்லை. சாவு வீட்டில் வசந்தாவை ஓரமாக இழுத்துப்போய்க் கெஞ்சியிருக்கிறாள்.

“ரெண்டு பேராவது வாங்கடி. லைன எடுத்துடுவாங்கடி.”

“இன்னா பேசற நீ? பொணம் வாசல்ல கெடக்குது. ஊரு காறித் துப்பும்.”

வசந்தா சொன்னதில் தப்பில்லை. வசந்தாவின் இடத்தில் ரஞ்சிதம் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கம்பெனி வேன் வல்லத்திலிருந்து காலியாக வந்தது. பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் ரஞ்சிதம் வந்து இறங்கினாள். சாவு வீட்டிலிருந்து குளிக்காமல், தலைகூட முடியாமல், நேரே அமலாவிடம் போனாள். மற்ற லைன்களிலிருந்து ஒரு டெய்லரைக்கூட எடுக்க முடியாது. அவர்களுக்கும் அதே கெடு.

“மெஷின்ல உக்காரு அமலா. உன் கால்ல வேணா விழறேன்.”

“கால்ல எதுக்குக்கா விழறீங்க? எனக்குத் தைக்கத் தெரியாதே.”

அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். ரஞ்சிதத்தின் முகம் செத்துவிட்டது.

அப்புறம் அந்த இரண்டு நாளும் நான் பார்த்த ரஞ்சிதம் வேறு ஆள். ஒருத்தி மடிக்க, ஒருத்தி ஓரம் ஓட்ட, ஒருத்தி தேய்க்க என்று வேலையைப் பிரித்தாள். ஒடிசாப் பெண்களுக்குக் கையைப் பிடித்துக் காட்டினாள். காலரின் கூர்முனையில் ஊசியைத் திருப்பித் தைக்கிற கஷ்டமான வேலையை, முனை திருப்புவதை, தானே வைத்துக்கொண்டாள். ஊசிகள் உடைந்தன. காலர்கள் கோணின, பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அமலாவின் கையில் ஓரம் நேராக வர ஆரம்பித்தது. பிழைத்துவிடுவோம் என்று நானும் நம்பினேன்.

சாயந்தரம் பார்த்தால் பாதி லோடுகூட இல்லை.

திங்கட்கிழமை வசந்தாவும் மற்றவர்களும் தலைக்குக் குளித்து, பூ வைக்காமல் வேனில் வந்து இறங்கினார்கள். வாசலில் லாரி நின்றது. அவர்களுடைய மெஷின்கள் ஏறிக்கொண்டிருந்தன.

“நீ சொல்லித்தான எல்லாரும் வந்தோம்” என்று வசந்தா கத்தினாள். “இப்ப நம்ம வூட்ல ஒருத்திக்காவது சம்பளம் இருக்குதா? கடன் கேக்கக்கூட வேற வூடு இல்லியேடி!”

அப்போது அமலா ரஞ்சிதத்தின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“திண்டிவனத்துல டெய்லரு கேக்கறாங்களாம்க்கா. முழுசா ஒரு காலர் தெச்சிக் காட்டணுமாம். எனக்கு ஓரம் மட்டும்தான ஓட்டத் தெரியும். முனை திருப்பறத சொல்லிக் குடுக்கறீங்களா?”

ரஞ்சிதம் லாரிக்கு ஓடினாள். “சார், ஒரே ஒரு மெஷினு. சாயந்தரம் வரைக்கும் இருக்கட்டும் சார்.”

“கயிறு கட்டியாச்சும்மா” என்றார் ஜெயராமன்.

அவள் திரும்பி வந்து கூடத்தில் மூன்றாவது லைன் இருந்த காலி இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிடந்த துணித்துண்டு ஒன்றை எடுத்து, கண்ணீர் வழிய வழிய, மடித்துப் பிடித்து முனையை விரலால் தள்ளித் திருப்பிக் காட்டினாள். அமலா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வாங்கி ஒருமுறை தானும் திருப்பினாள்.

“ஊசி எங்க திரும்பணும்னு மெஷின்ல உக்காந்தாதான்க்கா தெரியும்” என்றாள்.