பின் வரிசையில் வெடித்த சிரிப்பு

இன்று மதியம் ஈப்போ தியேட்டரில், இருட்டில், என் தம்பியின் சிரிப்பைக் கேட்டேன்!

மூன்று வருடமாக நாங்கள் பேசுவதில்லை.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். அவளாக எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.)

தம்பி சித்தியவானில் இருக்கிறான். அப்போது புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் பத்திரிகையை என் போனுக்கு அனுப்பியிருந்தான். எனக்குத் தெரிந்தது மேலே இருந்த பிள்ளையார் மட்டும்தான். தினமும் காலையில் பத்துப் பேர் பிள்ளையார் அனுப்புகிறார்கள்! இதுவும் அப்படித்தான் என்று ஒரு கும்பிடு படத்தைத் தட்டிவிட்டேன்.

கும்பிடு போட்ட அண்ணன் வரவில்லை என்று அவனுக்குக் கோபம். வெற்றிலைத் தட்டோடு வந்து கூப்பிடவில்லை என்று எனக்குக் கோபம்.

இன்று பேத்தியின் பிடிவாதத்தால்தான் அந்தச் சிரிப்புப் படத்துக்குப் போனேன். கதை என்று ஒன்றும் இல்லை. விழுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடியும் விழுகிறார்கள். இதற்கெல்லாம் யார் சிரிப்பார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தடியன் ஒருவன் சைக்கிளோடு பெயிண்ட் தொட்டிக்குள் போனான். தொப்பி மட்டும் மேலே மிதந்தது.

பின் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. ஸ்டார்ட் ஆகாத பழைய லாரி மாதிரி, இழுத்து இழுத்து. உலகத்திலேயே ஒருவன்தான் அப்படிச் சிரிப்பான்!

திரும்பக் கூடாது என்று இருந்தேன். ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது (பூனைக்கு இருமல் வந்த மாதிரி இருக்கும் என்பாள் என் மனைவி).

லாரி சட்டென்று நின்றது. அவனுக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் அடக்கிப் பார்த்தோம். தடியன் தொட்டியிலிருந்து எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தான். என் காதுக்குப் பக்கத்தில் குரல் வந்தது.

"அண்ணே, நம்ம கிராணி."

ஆயர் தாவார் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி ஒருநாள் இப்படித்தான் ரப்பர் பால் தொட்டியில் விழுந்தார், சைக்கிளோடு! பால் நிறுக்க நின்ற வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மறுநாள் அப்பாவுக்கு வேலை இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பத்து. நான் அவன் வாயைப் பொத்தினேன், அவன் என் வாயைப் பொத்தினான்.

இன்று பொத்த ஆள் இல்லை!

"சும்மா இரு லா, பேத்தி பாக்குது," என்றேன். மூன்று வருடத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"நீங்க மொதல்ல நிறுத்துங்க," என்றான்.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"



"மறந்துட்டேன்ணே. எல்லாத்தையும் நீங்க ஞாபகம் வச்சிருக்கீங்க, அதான் படிச்ச ஆளுன்னே நெனச்சுக்கிறேன்."

அதற்குமேல் என்ன கோபம் வேண்டிக் கிடக்கிறது!

படம் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிக்குமேல் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம், இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில்.

அன்றைக்கு டிக்கெட் எடுத்திருப்பவர்கள் மன்னிக்கவும்!