பெற்றிசியா இழுத்துப் பார்த்த சுருட்டு

தலைமன்னார் இறங்குதுறைக்குப் போகிற வழியில் தூண்டில், நைலோன் நூல், வெற்றிலை, சுருட்டு எல்லாம் விற்கிற ஒரு சின்னக் கடை இருக்கிறது. கடைக்காரி பெற்றிசியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சுருட்டு விஷயத்தில் அந்தக் கரையில் அவள் வைத்ததுதான் சட்டம். செத்த வீட்டுத் தட்டத்தில் வைக்கச் சுருட்டு வாங்குகிறவர்கள்கூட ஒன்றை அவளிடம் காட்டிவிட்டுத்தான் மிச்சத்தை வாங்குவார்கள். வேறு கடையில் வாங்கினாலும் அப்படித்தான்.

"வாங்கிறது ஆரிட்டையும் வாங்கட்டும், கேக்கிறது என்னட்டைத்தானே" என்பாள். அந்தப் பெருமை அவளுக்கு வியாபாரத்தைவிடப் பெரிது.

சுருட்டைக் கையில் எடுத்தால் முதலில் விரல்களுக்கிடையில் உருட்டுவாள். எங்கே முடிச்சு, எங்கே வெறுமை என்று விரல் சொல்லிவிடும். பிறகு மணப்பாள். கடைசியில் கடற்காற்றுக்கு முகம் கொடுத்து நின்று பற்றவைத்து ஒரே ஓர் இழுப்பு. தலைமன்னார்க் காற்றில் அணையாமல் நிற்பதுதான் சுருட்டு. மற்றதெல்லாம் காய்ந்த இலை. இது அவளுடைய கட்சி.

இந்த வருடம் முதல்முதல் கரைவலை இறங்கும் நாளன்று காலையில், நானாட்டான் வியாபாரி சுகந்தன் மோட்டார் சைக்கிளில் சுருட்டுக் கட்டுகளோடு வந்தான். வலை இழுக்கிறவர்களுக்குச் சுருட்டு வாங்கிக் கொடுப்பது சம்மாட்டி பெனடிக்ற். வலையும் தோணியும் அவருடையவை. ஆனால் பெற்றிசியா சரி என்று சொல்லாத கட்டை அவர் தொடமாட்டார். அவள் ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

"பனங்கட்டித் தண்ணியிலை கனக்க ஊறவிட்டிட்டாங்கள், தம்பி. உப்புக் காத்துப் பட்டால் நமுத்துப்போகும். வேண்டாம்."

சுகந்தன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் மில்ரன் வந்தான். பெற்றிசியாவின் செத்துப்போன அண்ணனுடைய மகன், கனடாவிலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதற்குள் தடித்த, பளபளவென்ற ஒரேயொரு சுருட்டு. முதல் வலை நாளில் சம்மாட்டி ஒரு சுருட்டைப் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்து, வலை இழுக்கிற கயிற்றுக்காரர் எல்லாருக்கும் கைமாற்றிக் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம்.

"அப்பா இந்தக் கயிறு இழுத்தவர்தானே, மாமி. இந்தமுறை சுத்துக்கு விடுற சுருட்டு அவரின்ரை பேரிலை இதாய் இருக்கட்டும். ஆகத் திறமானது எண்டு கேட்டு வாங்கினனான்" என்றான். அவனுக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை.

கடை வாசலில் ஊரே நின்றது. பெற்றிசியா பற்றவைத்தாள். இழுத்தாள். கன்னம் இரண்டும் குழிவிழுந்ததுதான் மிச்சம், புகை வரவில்லை. இன்னொருமுறை இழுத்தாள். ஊகூம்.

"அடைச்சுப்போன சுருட்டு. சுத்தினவனுக்குக் கை பழகேல்லை. உன்னை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள், மகன்."

வாசலில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. மில்ரன் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பெற்றிசியா அந்தச் சுருட்டைத் திரும்ப எடுத்து உருட்டினாள். முடிச்சு இல்லை, வெறுமை இல்லை. இவ்வளவு சீராகச் சுற்றிய கையை அவள் கண்டதே இல்லை. விரல் ஒன்று சொல்ல வாய் வேறொன்று சொன்னது அவளுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல்தரம். வாய்ப்பக்கத்தில் நகத்தை ஓட்டினாள். ஒரு விளிம்பு தட்டியது. பொட்டளவு வட்டமாக வெட்டிய இலையை ஒட்டி, அந்த நுனியை மூடியிருந்தார்கள். நம் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்தபடியே கைக்கு வரும். பிடிக்கிறவரே வெட்டிக்கொள்ளட்டும் என்று மூடி அனுப்புகிற சுருட்டை அவள் எங்கே கண்டாள்!

பாக்குவெட்டியால் நுனியை வெட்டிப் பற்றவைத்தாள். முதலில் மழை விழுந்த மண்ணின் மணம். பிறகு வறுத்த கோப்பிக்கொட்டை. கடைசியில் நாக்கின் ஓரத்தில் சின்னதாக ஓர் இனிப்பு. பனங்கட்டி கொடுத்த இனிப்பு அல்ல, இலைக்குள்ளேயே இருந்தது. சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. அண்ணனுடைய பேரில் வந்த சாமானை ஊர் பார்க்கச் சிரிப்பாக்கிவிட்டாள்.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், காலையில் சுகந்தனின் கட்டைத் தள்ளிய வாயை இனி யார் நம்புவார்கள்? அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. சுருட்டை அணைத்து, கடையைச் சாத்திவிட்டு, அதோடு கடற்கரைக்கு நடந்தாள்.

கயிற்றுக்காரர் கூடி நின்றார்கள். மில்ரன் தள்ளி ஒரு தோணியோரம் நின்றான். சம்மாட்டியை எப்படியாவது மடக்கிவிடலாம் என்று சுகந்தனும் அங்கேதான் நின்றான்.

"நான் காலமை சொன்னது பிழை" என்றாள் பெற்றிசியா, கடை வாசலில் பேசிய அதே பெரிய குரலில். "சுருட்டிலை குறையில்லை. நுனி வெட்டவேணும் எண்டது எனக்குத் தெரியேல்லை. இதைப்போலை ஒண்டை நான் இண்டுவரைக்கும் பிடிச்சதில்லை. குடுத்த காசு தகும், மகன்."

சுகந்தன் பாய்ந்து விழுந்தான். "அப்ப என்ரை கட்டுக்குச் சொன்னதும் பிழைதானே? சம்மாட்டியார், நீங்களே சொல்லுங்கோ!"

பெனடிக்ற் அவளை ஒருமுறை பார்த்தார், சுகந்தனை ஒருமுறை பார்த்தார். மணலில் கிடந்த அவனுடைய சுருட்டுக் கட்டை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

"பிழைச்சால் பிழைச்சதெண்டு அக்கா தானே வந்து சொல்லுவா. உம்மடை கட்டுக்கு அவ இன்னும் அப்பிடிச் சொல்லேல்லையே, தம்பி. வேறை கட்டுக் கொண்டுவாரும். முதல் அக்காட்டைக் காட்டும்."

பெற்றிசியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

"அப்ப இந்தச் சுருட்டை இப்ப சுத்துக்கு விடலாமோ, அக்கா?" என்றார் பெனடிக்ற்.

"விடலாம். ஆனால் நிண்டுகொண்டு அவசரத்திலை பிடிக்கிற சாமான் இல்லை இது. குந்தியிருந்து ஆறுதலாய்ப் பிடிக்கவேணும்."

அந்தக் கரையில் முதல் வலை நாளில் கயிற்றுக்காரர் குந்தியதை யாரும் கண்டதில்லை. அன்றைக்கு எல்லாரும் மணலில் வட்டமாகக் குந்தினார்கள், நடுவில் மில்ரனை இருத்தி. பெனடிக்ற் சுருட்டைப் பற்றவைத்தார். வழக்கப்படி முதல் இழுப்பு சம்மாட்டியுடையது. அவர் அதை வாயில் வைக்காமல் பெற்றிசியாவிடம் நீட்டினார்.

"நீங்கள் பிடியுங்கோ, அக்கா."

அவள் வாங்கி, எல்லாரும் பார்க்க, நெஞ்சு நிறைய இழுத்தாள்.